இருபத்தொரு குதிரைகள்

காரின் முன்னும் பின்னும் பட்டைகளைப் போட்டுத் தரையிலிருந்த கொக்கிகளோடு இழுத்துக் கட்டியாகிவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் தரைக்குள் பதித்த இரும்பு உருளைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. எதிரே ஆள் உயர விசிறி ஒன்று புயலாய் வீசியது. சுடர்விழி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கியரை ஒவ்வொன்றாக ஏற்றி நான்காவதற்கு வந்து, மிதியை அடிவரை அழுத்தினாள்.

கார் நின்ற இடத்திலேயே நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்துத் திரையில் ஒரு சிவப்புக் கோடு மேலே மேலே ஏறி, எண்பத்தேழைத் தொட்டுவிட்டு மெல்லச் சரிந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெரியநாயகசாமி சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே எந்திரம் இதே காருக்குக் கொடுத்த தாளை விரித்தார். அதில் அறுபத்தாறு என்றிருந்தது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர், கழித்துப் பார்க்கப் பென்சில் தேவையில்லை. ஆனாலும் எழுதியே கழித்தார்.

"இருபத்தொண்ணு. நான் கேட்டதுக்கு ஒண்ணு கூடவே இருக்கு" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆண்டனி, கண்ணாடி வழியாகச் சுடர்விழியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு மிதியிலிருந்து காலை எடுக்கவே மறந்துபோயிருந்தது.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. கூத்தாநல்லூர்க்காரரான சித்தீக் பதினைந்து வருடம் ஷார்ஜாவில் பந்தயக் கார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து போட்ட கடை. கல்யாண மண்டபம் கட்டு, காலத்துக்கும் ஓடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்காமல் இந்த டைனோ எந்திரத்தை இறக்கினார். காரைக் கட்டிப்போட்டு ஓடவிட்டு, அதன் சக்கரத்தில் எத்தனை குதிரைச் சக்தி இருக்கிறது என்று அளந்து சொல்கிற எந்திரம். "தஞ்சாவூர்ல பெரிய மேடே ரயில்வே பாலம்தான், இங்க எதுக்கு பாய் குதிரை?" என்று கிண்டல் செய்தவர்களே பிறகு காரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோமொபைல் படித்த சுடர்விழி நான்கு வருடமாக அங்கே அளப்பவள். ஆண்டனி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நிரலைத் திருத்தி எழுதிச் சக்தியைக் கூட்டுகிறவன். அவன் கூட்டுவான், அவள் அளந்து சொல்வாள். மற்றவர்கள் எதிரில் இருவரும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். தனியாக இருக்கும்போது மட்டும் 'நீ'.

இந்த இருபது குதிரைக் கதை தொடங்கியது நன்னிலத்தில், ஆண்டனியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தோஹாவில் இருக்கிற தாய்மாமன் அவனுக்கு ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்து வைத்திருந்தார். மார்ச் பத்துக்குள் போய்ச் சேரவேண்டும். போகமாட்டேன், இங்கேயே இருக்கிறேன், சுடர்விழியைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆண்டனி ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டரைத் தட்டினால் கார் பலம் கூடுமா என்று அப்பா கேட்க, "உங்க கார்லயே இருபது குதிரை கூட்டிக் காட்டட்டுமா?" என்று வாய்விட்டான்.

பெரியநாயகசாமி அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டார். இருபது கூட்டிக் காட்டினால் தோஹா வேண்டாம், பெண் வீட்டுக்கு நானே வருகிறேன் என்றார். காட்டாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் விமானம் ஏறிவிட வேண்டும். அதற்கும் ஒரு கெடு வைத்தார். திருநீற்றுப் புதனோடு தவக்காலம் பிறந்துவிடும். அதன்பின் ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. ஈஸ்டருக்குள் ஆண்டனி தோஹாவில் இருப்பான். ஆகவே புதனுக்கு முந்தின ஞாயிறு கடைசி நாள்.

சுடர்விழிக்கு அந்த நிபந்தனை பிடிக்கவில்லை. அவர் அவளைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அவள் அப்பா இளையபெருமாள் ஒருகாலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர், இன்று நீடாமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரர். அவள் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். இதில் எதையும் அவர் பேச்சில் எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மனமில்லாதவர், தனக்குப் பதிலாக அதைச் சொல்ல ஒரு எண்ணைத் தேடிக்கொண்டாரோ என்று நினைத்தாள்.

இப்போது அந்த எண்ணே அவர்கள் பக்கம் வந்துவிட்டது. பெரியநாயகசாமி புதுத் தாளை நான்காக மடித்துப் பழைய தாளோடு பையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்தரைக்கெல்லாம் வந்துவிடுவோம், வீட்டில் சொல்லிவிடு என்று அவளிடமே சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அது புதன்கிழமை.

வியாழக்கிழமை காலை அவள் ஸ்கூட்டியை நிறுத்தக் கொட்டகைக்குப் பின்னால் போனபோது, பழைய சாமான் குவியலில் மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான்கைந்து இருக்கும். டயருக்கும் உடைந்த பம்ப்பருக்கும் நடுவில் எதையோ கொத்தி இழுத்தன. இரும்பிலும் ரப்பரிலும் மைனாவுக்கு என்ன வேலை என்று அவள் கிட்டே போனாள். அவை பறந்து, கூரையில் உட்கார்ந்து திட்டின.

அது ஒரு ஏர் ஃபில்டர். எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டும் காகித மடிப்புகள். மடிப்பு ஒவ்வொன்றிலும் நெல் பதரும் வைக்கோல் துணுக்கும் சுணையும் அடைந்திருந்தன. நடுவே சில நெல்மணிகளும்கூட.

மெக்கானிக் ரெங்கசாமி டீ கிளாஸோடு வந்தார். ஐம்பது வயது மனிதர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். வாத்தியார் வண்டியில் இருந்தது என்றார். நேற்று ஓட்டுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்தாராம், தட்டியதில் ஒரு டீ கிளாஸ் பதர் கொட்டியதாம், புதுசு போட்டுவிட்டாராம்.

"இந்தா, இந்த கிளாஸ் நிறைய இருக்கும்மா. கோழிக்குப் போடலாம்" என்று சிரித்தார்.

சுடர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போய்க் கணினியைத் திறந்தாள். முதல் ஓட்டத்தின் பதிவையும் நேற்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சக்திக் கோட்டை விட்டுவிட்டு, அதற்கும் கீழே யாரும் பார்க்காத காற்றுக் கோட்டைப் பார்த்தாள். எஞ்சின் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு காற்றை இழுத்தது என்று காட்டுகிற கோடு. நேற்று அது கடைசிவரை ஏறியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், வேகம் கூடக் கூட மூச்சு முட்டியவனைப்போல் பாதியிலேயே படுத்துக்கிடந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முதல் நாள் அளந்த அறுபத்தாறு அந்தக் காரின் பலம் அல்ல. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடிய காரின் பலம். நேற்று கூடிய இருபத்தொன்றில் ஆண்டனி கூட்டியது எவ்வளவு, அடைப்பு நீங்கிக் கூடியது எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது.

ஒவ்வொரு காரையும் அளக்குமுன் நிரப்புகிற படிவம் ஒன்று உண்டு. அவளே தயாரித்தது. டயர் காற்று, எஞ்சின் சூடு, பெல்ட், ஏர் ஃபில்டர் என்று வரிசையாகக் கட்டங்கள். முதல் நாள் படிவத்தை எடுத்தாள். நான்காவது கட்டத்தில் டிக் இருந்தது. அவள் கையால் போட்ட டிக்.

அன்றைக்கு நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெரியநாயகசாமி காருக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் பானெட்டைத் திறந்தபோது, நேற்றுத்தான் சர்வீஸ் விட்டேன், என் கார் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். ஃபில்டர் டப்பாவின் கொக்கியில் அவள் கை வைத்திருந்தாள். திறந்தால் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடுமே என்று தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் திறந்திருப்பாள். மாமனாராக வரப்போகிறவரின் வார்த்தையை, அவர் முகத்துக்கு நேராக, முதல் நாளே திறந்து பார்ப்பதா? கையை எடுத்துவிட்டு டிக் போட்டாள்.

நான்கு வருடத்தில் அவள் செய்த ஒரே கள்ள டிக் அது.

பதினோரு மணிக்கு அம்மா வேம்பு போன் செய்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்களாம். புதுக் கோப்பைகள் வாங்கியாகிவிட்டதாம். அவர்கள் கெண்டை மீன் சாப்பிடுவார்களா, கோழி அடிக்கவா என்று கேட்டாள். அப்பா நேற்றிலிருந்து யாரிடமும் சிடுசிடுக்கவில்லை என்று சொல்லும்போது அம்மாவின் குரலே மாறிவிட்டது. சுடர்விழி எல்லாவற்றுக்கும் ம் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தெரியாது. ரெங்கசாமிக்குப் பதர் தெரியும், அதன் அர்த்தம் தெரியாது. ஃபில்டரைத் தூக்கிக் குப்பையில் போட்டால் மைனாக்களுக்குக்கூட மறந்துவிடும். ஞாயிறு வரும், அவர்கள் வருவார்கள். வாயைத் திறந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்கிற மனிதருக்குக் காரணத்தை அவளே தட்டில் வைத்து நீட்டுவதாகும். ஆண்டனி விமானம் ஏறுவான்.

ஆனால் தாளின் அடியில் 'அளந்தவர்: இ. சுடர்விழி' என்று இருந்தது. அதைக் காட்டித்தான் அவளைப் பெண் கேட்கப்போகிறார்கள். தன் நிரல் இருபத்தொன்று கூட்டுகிறது என்று ஆண்டனி நம்பிக்கொண்டிருப்பான், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். வாழ்நாள் முழுக்க அவன் பெருமைப்படும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்க்கவேண்டியிருக்கும். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

முதலில் சித்தீக்கிடம் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். எந்திரம் பொய் சொல்லவில்லை, நாம்தான் தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்றார். திரும்ப ஓட்டு, மற்றதை அல்லா பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, அவள் மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆண்டனி வந்தான். கையில் நாகூர் அல்வாப் பொட்டலம், முகம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை. அவள் இரண்டு காற்றுக் கோடுகளையும் காட்டினாள். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நிரல் மாற்றினாலும் காற்றுக் கூடத்தான் செய்யும் என்றான். இவ்வளவு கூடாது என்று அவனே அடுத்த நிமிடம் சொல்லிக்கொண்டான். பிறகு ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டு வாரம் முன்னாடி அந்த மூடியைத் திறந்து பாத்திருந்தா இந்த வம்பே இல்லையே, சுடர்."

"திறந்திருந்தா அன்னைக்கே சரியான நம்பர் வந்திருக்கும். நீ இருபது காட்டியிருக்க முடியாது."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் காட்டலை. அதைத்தான் சொல்றேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் அல்வாவைப் பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஒரு டிராவல்ஸ் வேனையும் நாகூரிலிருந்து வந்த ஒரு ஜீப்பையும் அளந்தாள். இரண்டிலும் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பிறகுதான் டிக் போட்டாள். வேன்காரர், என்னம்மா வயிற்றுக்குள் ஆபரேஷன் செய்வதுபோல் பார்க்கிறாய் என்றார். நாலரை மணிக்கு ஆண்டனியின் செய்தி வந்தது. 'நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அப்பா அம்மாவோட கார்ல வர்றேன். அவங்களுக்கு இன்னும் சொல்லலை. பழைய நிரலைத் திரும்ப ஏத்திட்டு முதல்ல இருந்து அளக்கலாம். நேத்து கோவம் உன் மேல இல்லை.'

அவள் அதை நான்கு தடவை படித்துவிட்டு, அல்வாவைப் பிரித்து ரெங்கசாமிக்கும் சித்தீக்குக்கும் கொடுத்தாள். தானும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் கார் உருளைமேல் ஏறியது. ஆண்டனி மடிக்கணினியைச் செருகி, கார் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிரலையே திரும்ப ஏற்றினான். புது ஃபில்டர் அப்படியே இருந்தது. சுடர்விழி படிவத்தை எடுத்து, பெரியநாயகசாமி பார்க்கப் பார்க்க, டப்பாவின் நான்கு கொக்கிகளையும் கழற்றி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

மூன்று தடவை ஓட்டினாள். எழுபத்தாறு. மறுபடி எழுபத்தாறு. மூன்றாவது தடவையும் எழுபத்தாறே. ஆண்டனி தன் நிரலை ஏற்றினான். அதிலும் மூன்று தடவை. எண்பத்தேழு.

பெரியநாயகசாமிக்குப் பொறுமை போய்விட்டது. புதன்கிழமை எழுதிப் பாஸான பரீட்சையைச் சனிக்கிழமை ஏன் திரும்ப எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஆண்டனி, நான் சொல்கிறேன் அப்பா என்று தொடங்கினான். சுடர்விழி அவனை முந்திக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து அவர் எதிரில் மேசைமேல் பிரித்தாள்.

"இது உங்க கார்ல இருந்தது சார்."

"என் கார்லயா? நான் சனிக்கிழமை தவறாம கழுவுறவன்."

"வெளியில கழுவினீங்க. சர்வீஸுன்னு விட்டதும் வெறும் வாட்டர் வாஷ்தான்" என்றாள் அவர் மனைவி ஃபிளோரா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. "அறுப்பு மிஷினுக்குப் பக்கத்துல காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஏ.சி. போட்டுக்கிட்டு மூணு நாள் மூட்டை எண்ணுனது யாரு? தூசி அடங்கட்டும், அப்பறம் போங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க கண்ணாடியை ஏத்திக்கிட்டீங்க. கார் எந்தக் கண்ணாடியை ஏத்தும்?"

ரெங்கசாமி சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். பெரியநாயகசாமி ஃபில்டரைக் கையில் எடுத்தார். பதர் உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டியது.

சுடர்விழி கையை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திறந்து பாக்க வேண்டியது என் வேலை சார். நேத்துத்தான் சர்வீஸ் விட்டேன்னு சொன்னீங்க. உங்க முன்னாடி திறந்தா, நீங்க சொன்னதை நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். திறக்காமலே டிக் போட்டேன். அதனால அந்த அறுபத்தாறு தப்பு. உங்க காரோட சரியான பலம் எழுபத்தாறு. ஆண்டனி கூட்டினது பதினொண்ணு."

"பதினொண்ணா?"

"பதினொண்ணுதாம்ப்பா" என்றான் ஆண்டனி. "இருபதுன்னு நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இந்த எஞ்சினுக்குப் பதினொண்ணுதான் நல்லது. அதுக்கு மேல கூட்டினா ரெண்டு வருஷத்துல பிரிச்சுப் போட வேண்டியதுதான். அதைச் செஞ்சு இருபது காட்ட எனக்கு இஷ்டமில்லை."

"அப்ப பந்தயத்துல தோத்துட்ட."

"ஆமாம்ப்பா."

பெரியநாயகசாமி ஃபில்டரை மேசையில் வைத்தார், கையைத் தட்டிக்கொண்டார், கார்ச் சாவியைக் கேட்டார். பட்டைகளை அவிழ்க்கச் சொன்னார். வீட்டுக்குத்தான் கிளம்புகிறார் என்று சுடர்விழி நினைத்தாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏறும்மா."

அவள் ஆண்டனியைப் பார்த்தாள். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏறிக்கொண்டாள். இருக்கையில் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை ஆறு வருடமாகியும் அப்படியே இருந்தது. உட்கார்ந்ததும் சரசரத்தது.

கார் நாகப்பட்டினம் சாலையில் கிழக்கே போனது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த தாளடி வயல்கள். பாதிச் சாலையை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள், ஒரு பெண் காலால் கிளறிக்கொண்டு போனாள். தூரத்தில் ஒரு அறுப்பு மிஷின் தூசிக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. பெரியநாயகசாமி அதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ரயில்வே மேம்பாலம் வந்தது. அவர் கை கியருக்குப் போய், அங்கேயே நின்றது. கியரைக் குறைக்கவில்லை. நான்காவதிலேயே கார் பாலத்தில் ஏறியது, முனகாமல். உச்சியில் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தினார். கீழே வெண்ணாற்றுப் பக்கமாகப் பிரிந்து போகிற வாய்க்கால் ஒன்று வெயிலில் மின்னியது.

"ஆறு வருஷமா இந்தப் பாலத்துல மூணாவது கியர்லதான் ஏறுறேன்" என்றார். கை பிரேக்கை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பேப்பர் திருத்திக் கொடுத்தா பசங்க வரிசையா வருவாங்க. சார், இதுக்கு ஒரு மார்க் விட்டுட்டீங்க, அதுக்கு அரை மார்க் விட்டுட்டீங்கன்னு. முப்பத்திரண்டு வருஷத்துல, சார், எனக்குத் தப்பா கூடப் போட்டுட்டீங்க, குறைச்சுக்கங்கன்னு ஒருத்தன் வந்ததில்லை."

அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபதுன்னு அவன் சொன்னதும் நான் ஏன் புடிச்சுக்கிட்டேன் தெரியுமா? வராதுன்னு நெனைச்சேன். எங்க அண்ணன் ஒண்ணு சொல்லுவார், பங்காளிங்க ஒண்ணு சொல்லுவாங்க. அதை உன்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஒரு நம்பர் இருந்தா நம்பர் மேல பழியைப் போட்டுடலாம்ல."

"தெரியும் சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா வந்து சொன்ன?"

"ம்."

பின்னாலிருந்து ஒரு லாரி ஒலி எழுப்பிக்கொண்டே கடந்து போனது. பெரியநாயகசாமி சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்தார். கூடவே ஒரு சிவப்புப் பேனா வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதை விடவில்லை போலிருக்கிறது. அறுபத்தாறை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுபத்தாறு என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவள் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தாள்.

"ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நான் கொண்டாந்தப்ப இது அறுபத்தாறு. இப்ப எண்பத்தேழு. பதினொண்ணு என் மகன் கணக்கு. மீதிப் பத்து யாரோட கணக்கு?"

உன்னுடையது என்று சொல்லவைக்கத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும்.

"அது ரெங்கசாமி அண்ணன் கணக்கு சார். அவர்தான் ஃபில்டரை மாத்தினார்."

பெரியநாயகசாமி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து சரசரத்தது.

"அப்ப நாளைக்கு ரெங்கசாமியையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். பத்துக் குதிரைக்காரரை விட்டுட்டு எப்படி வர்றது?"

அவர் சொன்னதன் பொருள் அவளுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது. உறைத்தபோது கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் கண்ணாடியைச் சரிசெய்து, காரைத் திருப்பினார். பங்காளிகளுக்கு என்ன சொல்வது என்று தானே யோசித்துக்கொள்வதாகவும், தோஹாவுக்குச் சாயங்காலமே போன் போட்டுவிடுவதாகவும், சாலையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். இனிமேல் சார் என்று கூப்பிடாதே, பள்ளிக்கூடத்திலேயே கேட்டுக் காது புளித்துவிட்டது என்றும் சொன்னார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லவில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை.

கொட்டகை வாசலில் ஆண்டனி நின்றிருந்தான். கார் நிற்குமுன்னே அருகில் வந்து அவள் முகத்தைத்தான் பார்த்தான், அப்பாவின் முகத்தை அல்ல. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

பெரியநாயகசாமி கண்ணாடியை இறக்கி, ஃபிளோராவைக் கூப்பிட்டு, நாளைக்குக் காரில் இன்னொரு ஆள் வருகிறார், முன் இருக்கை அவருக்கு என்றார். யார் என்று அவள் கேட்டதற்கு, தூரத்தில் டயர் உருட்டிக்கொண்டிருந்த ரெங்கசாமியைக் காட்டினார். ஃபிளோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நாளைக்கு என்ற சொல் விளங்கியது. எழுந்து வந்து சுடர்விழியின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு பதரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஆண்டனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பதினொண்ணு போதும்னாரா?" என்று மெதுவாகக் கேட்டான், எல்லோர் எதிரிலும் நீ நான் என்று பேசலாமா என்று தயங்கியவன்போல.

"இந்த ஊருக்குப் போதும். பாலத்துல நாலாவது கியர்ல ஏறிடுச்சு" என்றாள்.

அவள் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். மைனாக்கள் சிதறிக் கிடந்த கடைசி நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். வெள்ளையடித்தாகிவிட்டது, திரைச்சீலை மட்டும் பாக்கி என்று தொடங்கினாள்.

"அம்மா, ஒரு இலை கூடப் போடணும். அவங்களோட இன்னொருத்தர் வர்றார்."

"சொந்தக்காரரா?"

சுடர்விழி திரும்பிப் பார்த்தாள். ரெங்கசாமி டயரைச் சுவரில் சாய்த்துவிட்டு, விஷயம் இன்னும் தெரியாமல், கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றாள். "கோழியே அடிச்சிடுங்க."